எக்கோ சர்வர் ஓடிவிட்டது, அப்புறம்?

சாக்கெட் நிரலாக்கம், அதாவது இரண்டு நிரல்களை வலை வழியாகப் பேசவைக்கும் வித்தை, கற்க உட்காருகிற எவரும் முதலில் எழுதுவது எக்கோ சர்வர்தான். வந்ததை அப்படியே திருப்பி அனுப்பும் ஒரு சின்ன நிரல். பைத்தானில் பத்துப் பதினைந்து வரி, சி மொழியில் ஐம்பது அறுபது வரி. ஒரு டெர்மினலில் சர்வர், இன்னொன்றில் கிளையன்ட். ‘ஹலோ’ என்று அடித்தால் ‘ஹலோ’ என்று திரும்பி வரும். பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். பாடமும் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், அப்படி எழுதிய நிரல்களில் பெரும்பாலானவை தவறானவை. அவை ஓடுவது சரியாக எழுதப்பட்டதால் அல்ல. அனுப்பியது ஆறு பைட் (ஆங்கிலத்தில் ‘ஹலோ’வுக்கு ஐந்து, வரி முடிவுக்கு ஒன்று), இரண்டு நிரலும் ஒரே கணினியில், நடுவில் வலையே இல்லை. அதனால் பிழைத்துக்கொள்கின்றன. அதே கிளையன்டில் ‘ஹலோ’வுக்குப் பதிலாகத் தமிழில் இரண்டு பத்தியை ஒட்டிப் பாருங்கள். திரும்பி வருவது பாதியில் நிற்கும், அல்லது யூனிகோட் பிழை என்று சொல்லி நிரல் கவிழும். ஏன் என்று கீழே வருகிறேன்.

நான் சொல்ல வருவது இதுதான்: சாக்கெட் பற்றிய பாடங்களுக்குப் பஞ்சமில்லை, நல்ல பாடங்களும் உண்டு. ஆனால் பாடம் காட்டுவது எந்த அழைப்பை எந்த வரிசையில் எழுதுவது என்பதை மட்டும். அந்த அழைப்புக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதைக் காட்டுபவை நான்கைந்து பழைய கருவிகள். நிரல் எழுதுகிற நேரத்தில் பாதியை அவற்றின் திரையைப் பார்ப்பதில் செலவிட்டால்தான் இந்த விஷயம் பிடிபடும்.

1983-இல் போட்ட வடிவம்

சாக்கெட், பைண்ட், லிசன், அக்செப்ட், கனெக்ட் என்று இன்று நாம் கற்கும் அழைப்புகள் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவானவை. 1983-இல் வெளியான 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பில் அவை பரவலாக வெளியே வந்தன. அதே ஆண்டு ஜனவரி 1 அன்றுதான் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் தன் பழைய நெறிமுறையைக் கைவிட்டு, இன்றைய இணையம் பேசும் டிசிபி/ஐபிக்கு மாறியது. வலை மாறியது, அந்த வலையைத் தொடுவதற்கான கைப்பிடியும் அதே ஆண்டில் கிடைத்தது. நாற்பது ஆண்டு கழித்தும் கைப்பிடி பெரிதாக மாறவில்லை.

சி மொழியில் எழுதுகிறவர்களை முதல் நாளே குழப்பும் ஒரு விஷயத்துக்கு இந்த வயதுதான் காரணம். முகவரியைப் போட்டு வைக்க ஒரு ஸ்ட்ரக்ட் (பல தகவலை ஒன்றாகக் கட்டிய பொதி), ஆனால் முகவரியைச் சாக்கெட்டோடு கட்டும் அழைப்பான பைண்டுக்கு அதை அனுப்பும்போது வேறொரு ஸ்ட்ரக்டாக வேஷம் மாற்றி அனுப்ப வேண்டும். ‘எந்த வகையையும் சுட்டும்’ வாய்ட் பாயின்டர் சி மொழித் தரத்தில் வந்தது 1989-இல். சாக்கெட் அதற்கு முந்தையது. அதனால் எல்லா முகவரி வகைக்கும் பொதுவாக ஒரு பொம்மை ஸ்ட்ரக்டை வைத்துச் சமாளித்தார்கள். இதில் ஆழமான தத்துவம் ஏதும் இல்லை. பழைய வீட்டில் சுவிட்ச் கதவுக்குப் பின்னால் இருப்பது மாதிரிதான்.

விண்டோஸில் வின்சாக் என்ற பெயரில் இதே அழைப்புகள் வந்தன. வின்சாக் 1.1 வெளியானது 1993 ஜனவரியில். அங்கே சாக்கெட் ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டர் (யூனிக்ஸில் திறந்த கோப்புக்குத் தரும் எண்) அல்ல, மூடுவதற்குத் தனி அழைப்பு, தொடங்குவதற்கு முன் நூலகத்தையே எழுப்பிவிட ஓர் அழைப்பு. லினக்ஸ் பாடத்தை விண்டோஸில் அடித்துப் பார்த்து எதுவும் ஓடாமல் தலையைச் சொறிகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பாடத்தின் வயதைப் பார்ப்பது

கைப்பிடி மாறவில்லை என்றேன். அதனாலேயே பழைய பாடங்களும் சாகவில்லை. இருபது வருடத்துக்கு முந்தைய எடுத்துக்காட்டு இன்றும் கம்பைல் ஆகும், இன்றும் ஓடும். அதுதான் ஆபத்து.

ஒரு பாடத்தைத் திறந்ததும் நான் தேடுவது ஒரு பெயரை: கெட்ஹோஸ்ட்பைநேம். பெயரைக் கொடுத்தால் ஐபி முகவரி தரும் பழைய அழைப்பு இது. நீளமான புதிய முகவரி முறையான ஐபிவி6 இதற்குத் தெரியாது. ஒரு நிரலுக்குள் இணையாக ஓடும் இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் ஒன்றின் விடையை இன்னொன்று அழித்துவிடக்கூடும். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தின் 2008 பதிப்பிலிருந்து இதை நீக்கியே விட்டார்கள். இதன் இடத்தில் வந்த கெட்அட்ரஸ்இன்ஃபோ, ஐபிவி4, ஐபிவி6 இரண்டையும் ஒரே பட்டியலில் தரும். முயன்று பார்த்து எது இணைகிறதோ அதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பழைய பெயரை வைத்துச் சொல்லித்தரும் பாடம் மற்ற இடங்களிலும் பழையதாகவே இருக்கும் என்பது என் அனுபவம். மூடிவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

இலவசமாகக் கிடைப்பவற்றில் பீஜ் என்ற பெயரில் எழுதும் பிரையன் ஹாலின் வலை நிரலாக்கக் கையேடு பலருக்கும் முதல் வாசல். 1990களின் நடுவில் தொடங்கி இன்றுவரை திருத்திக்கொண்டே இருக்கிறார். கேலியும் கிண்டலுமாக எழுதப்பட்டது, ஆனால் ஆள் விஷயத்தில் கறார். ஐபிவி6 வந்தபோது பழைய எடுத்துக்காட்டுகளை ஒட்டுப்போடாமல் மாற்றியே எழுதினார். இணையப் பாடங்களில் இது அபூர்வம்.

ஆழமாகப் போக வேண்டுமென்றால் ரிச்சர்ட் ஸ்டீவன்ஸின் யூனிக்ஸ் வலை நிரலாக்க நூல். முதல் பதிப்பு 1990. ஸ்டீவன்ஸ் 1999-இல் இறந்த பிறகு ஃபென்னரும் ருடாஃபும் சேர்ந்து 2003-இல் மூன்றாம் பதிப்பைக் கொண்டுவந்தார்கள். இன்றும் இதற்கு நிகராக இன்னொன்று வரவில்லை என்பேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: அதில் உள்ள எடுத்துக்காட்டுகள் எல்லாம் அவருடைய சொந்த ஹெடர் ஃபைல் ஒன்றை நம்பி நிற்கின்றன. அதைக் கட்டிக்கொள்ளாமல் நிரலை மட்டும் நகலெடுத்து ஓட்டினால் முதல் வரியிலேயே பிழை வரும். அங்கேயே புத்தகத்தை மூடிவைத்தவர்கள் ஏராளம். மூல நிரல் தொகுப்பை இறக்கி ஒருமுறை கட்டிவிட்டால் அப்புறம் தொல்லை இல்லை.

லினக்ஸில் ஏற்கெனவே கையில் இருக்கும் இன்னொரு பாடத்தைப் பெரும்பாலோர் பாதிதான் படிக்கிறார்கள். அது கூடவே வரும் கையேடான மேன் பக்கங்கள். பைண்டுக்கும் அக்செப்டுக்கும் உரிய 2-ஆம் பிரிவுப் பக்கங்களைத் திறப்பார்கள். டிசிபி, ஐபி, யுடிபி, சாக்கெட் என்ற தலைப்புகளில் 7-ஆம் பிரிவில் தனிப் பக்கங்கள் இருப்பதே பலருக்குத் தெரியாது. டிசிபி எப்போது எத்தனை முறை மறுபடி அனுப்பும், எந்த எண்ணை எங்கே மாற்றலாம் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

எந்த மொழியில் தொடங்குவது என்ற சண்டைக்குள் அதிகம் போக விரும்பவில்லை. பைத்தானின் சாக்கெட் நூலகம் சி அழைப்புகள் மேல் போர்த்திய மெல்லிய துணி. அதில் தொடங்குங்கள். ஆனால் ஒரு வாரமாவது சி-யில் எழுதுங்கள், பைட் வரிசை என்ற விஷயத்தை நேரில் சந்திப்பதற்காகவாவது.

அது என்ன என்று கேட்டால், 8080 என்ற போர்ட் எண்ணை (கணினிக்கு வரும் இணைப்பு எந்த நிரலுக்கு என்று காட்டும் எண்) எடுத்துக்கொள்வோம். இரண்டு பைட்டில் அடங்கும்: 31 ஒரு பைட், 144 இன்னொன்று. 31-ஐ 256-ஆல் பெருக்கி 144-ஐக் கூட்டினால் 8080. வலையில் பெரிய பைட் முதலில் போக வேண்டும். நம் மேசைக் கணினிகளின் சிப்போ சின்ன பைட்டை முதலில் வைக்கும். இடையில் மாற்றிக் கொடுப்பது எச்டிஓஎன்எஸ் என்ற சிறு அழைப்பு. அதை எழுத மறந்தால் கம்பைலர் முனகாது, பைண்டும் வெற்றி என்றே சொல்லும். சர்வரும் காத்திருக்கும், ஆனால் 8080-இல் அல்ல. 144-ஐ 256-ஆல் பெருக்கி 31-ஐக் கூட்டிப் பாருங்கள், 36895. அங்கே உட்கார்ந்திருக்கும். நான் இப்படி ஒரு மாலை முழுவதையும் தொலைத்திருக்கிறேன். ஃபயர்வாலைத் திட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் எந்தெந்த போர்ட் திறந்திருக்கிறது என்று பட்டியல் போட்டுப் பார்த்தபோதுதான் அந்த விசித்திர எண் கண்ணில் பட்டது.

நான்கு டெர்மினல்கள்

அந்தப் பட்டியலைப் போடும் கருவியின் பெயர் எஸ்எஸ். பழைய நெட்ஸ்டாட்டின் இடத்தில் லினக்ஸில் இப்போது புழங்குவது இதுதான். கற்கிற காலத்தில் நான்கு டெர்மினல்களைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்வேன்: ஒன்றில் உங்கள் சர்வர், ஒன்றில் நெட்கேட், ஒன்றில் எஸ்ட்ரேஸ், ஒன்றில் டிசிபிடம்ப். எஸ்எஸ்ஸை அவ்வப்போது கூப்பிட்டுக்கொள்ளலாம்.

முதலில் நெட்கேட். 1995-இல் வந்த சின்னக் கருவி, ஹாபிட் என்ற புனைபெயரில் ஒருவர் எழுதியது. கிளையன்டாகவும் இருக்கும், சர்வராகவும் இருக்கும். இதன் பெரிய உதவி, இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் எழுத வேண்டிய கட்டாயத்திலிருந்து விடுவிப்பது. கிளையன்டும் சர்வரும் நீங்களே எழுதியிருந்தால், ஒன்றின் பிழையை மற்றது மறைத்துவிடும். இரண்டு பக்கமும் பைட் வரிசையைத் தலைகீழாக வைத்தால் இரண்டும் ஒன்றோடொன்று நன்றாகவே பேசிக்கொள்ளும்! ஒரு பக்கம் நெட்கேட் என்றால் அந்தக் கள்ளக்கூட்டு நடக்காது. சர்வரை மட்டும் எழுதி நெட்கேட்டால் தொட்டுப் பாருங்கள். அப்புறம் சர்வரை மூடிவிட்டு, நெட்கேட்டைச் சர்வராக்கி, உங்கள் கிளையன்டைச் சோதியுங்கள்.

எஸ்ட்ரேஸ், உங்கள் நிரல் இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் கேட்பதையும் கெர்னல் சொல்லும் பதிலையும் வரி வரியாக அச்சிடும். எக்கோ சர்வரை இதன் வழியாக ஓட்டினால் முதலில் சாக்கெட் அழைப்பு, அதன் விடை 3. ஏன் 3? 0, 1, 2 ஆகியவை ஏற்கெனவே விசைப்பலகைக்கும் திரைக்கும் பிழைச் செய்திக்கும் போய்விட்டன. அடுத்து பைண்ட், லிசன். பிறகு அக்செப்ட் வரியில் பாதியில் நிற்கும், அடைப்புக்குறிகூட மூடியிருக்காது. நெட்கேட்டால் இணைந்த கணத்தில் அந்த வரி முழுமையடைந்து விடையாக 4 வரும். காத்திருக்கும் சாக்கெட் வேறு, பேசும் சாக்கெட் வேறு என்று பாடங்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை இந்த 3-உம் 4-உம் ஒரு நொடியில் காட்டிவிடும். 3 வாசலில் நிற்கிறது. 4, 5, 6 எல்லாம் உள்ளே வந்த விருந்தாளிகள்.

எஸ்ட்ரேஸில் சமக்குறிக்குப் பின்னால் இருக்கும் எண்ணைத்தான் கண் கொத்திப் பார்க்க வேண்டும். 1024 கேட்டாய், 6 கிடைத்தது. 70000 அனுப்பச் சொன்னாய், அதைவிடக் குறைவாகத்தான் போயிற்று. 0 வந்தால் எதிர்ப்பக்கம் பேச்சை முடித்துக்கொண்டது என்று பொருள். இந்த 0-ஐக் கவனிக்காத நிரல், ஆள் போன பிறகும் சுழன்று சுழன்று படித்து ஒரு சிபியுவை முழுசாகத் தின்றுகொண்டிருக்கும். எஸ்ட்ரேஸில் பார்த்தால் திரை முழுக்க 0, 0, 0 என்று ஓடும்.

வலையில் போகும் பாக்கெட்டுகளை, அதாவது தரவுப் பொட்டலங்களை, வரிக்கு ஒன்றாகக் காட்டும் டிசிபிடம்ப் பிறந்த கதை நம் விஷயத்துக்கு நெருக்கமானது. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, நானூறு கஜ தூரத்தில், இணைப்பின் வேகம் நொடிக்கு 32 ஆயிரம் பிட்டிலிருந்து 40 பிட்டாக விழுந்தது. நாற்பது! எழுத்துகளாகச் சொன்னால் நொடிக்கு ஐந்து. ஏன் என்று துருவிய வான் ஜேக்கப்சனின் ஆய்வுக்குழுதான் 1988-இல் டிசிபிடம்பை எழுதியது. கம்பியில் போவதைக் கண்ணால் பார்க்காமல் டிசிபியைப் புரிந்துகொள்ள முடியாது என்பது அவர்களுக்கே நேர்ந்த கதை.

கணினி தன்னோடு தானே பேசும் லூப்பேக் இடைமுகத்தில், உங்கள் போர்ட்டை மட்டும் வடிகட்டி அதை ஓடவிடுங்கள். நெட்கேட்டால் இணைந்ததும் மூன்று வரி வரும். கொடிகள் என்ற இடத்தில் முதல் வரியில் ‘எஸ்’, இரண்டாவதில் ‘எஸ்’ கூட ஒரு புள்ளி, மூன்றாவதில் புள்ளி மட்டும். புள்ளி என்றால் ‘கிடைத்தது’ என்ற ஒப்புகை. பாடநூல்களில் அம்புக்குறி போட்டு வரைந்திருக்கும் மூன்று வழிக் கைகுலுக்கல் இதுதான்.

சரி, இப்போது ஒரு சோதனை. சர்வரில் லிசனுக்கும் அக்செப்டுக்கும் நடுவில் அறுபது நொடி தூங்கச் சொல்லி ஒரு வரி சேருங்கள். அந்தத் தூக்கத்தின்போது நெட்கேட்டால் இணையுங்கள். என்ன நடக்கும்? இணையாது, அக்செப்ட் இன்னும் கூப்பிடப்படவில்லையே என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் மூன்று வரியும் டிசிபிடம்பில் வந்துவிடும். நெட்கேட் இணைந்துவிட்டது என்றே நம்பும். நீங்கள் அடிக்கும் வார்த்தைகள்கூடப் போய்ச் சேர்ந்து ஒப்புகை வாங்கும். கைகுலுக்குவது கெர்னல், உங்கள் நிரல் அல்ல. அக்செப்ட், ஏற்கெனவே குலுக்கி முடித்து வரிசையில் நிற்பவர்களில் ஒருவரை உள்ளே கூப்பிடுகிறது, அவ்வளவுதான். எஸ்எஸ்ஸில் காத்திருக்கும் சாக்கெட்டின் வரியைப் பார்த்தால், வரவு வரிசை என்ற பத்தியில் இப்போது 1 இருக்கும். வரிசையில் நிற்கும் ஆளின் எண்ணிக்கை அது. பாரம் ஏறிய சர்வரில் இந்த எண் ஏறிக்கொண்டே போனால், நிரல் அக்செப்ட் பக்கம் திரும்ப நேரமில்லாமல் திணறுகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

வயர்ஷார்க்கைப் பற்றிச் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். ஜெரால்டு கோம்ப்ஸ் 1998-இல் ஈதீரியல் என்ற பெயரில் வெளியிட்டு, 2006-இல் பெயர் மாறிய கருவி. அழகானது, ஓர் உரையாடலை முழுசாகக் கோத்துப் படிக்க இதுதான் வசதி. ஆனால் தொடக்கத்தில் டிசிபிடம்பின் வறண்ட வரிகளே நல்லது என்பேன். வயர்ஷார்க் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிவிடுவதால், நாம் யோசிக்க வேண்டியதையும் அதுவே யோசித்துவிடுகிறது.

ஐந்தா, ஏழா, இருபத்தொன்றா

தமிழில் ஒட்டினால் நிரல் கவிழும் என்று சொன்னேன் அல்லவா? டிசிபி தருவது பைட்டுகளின் ஓட்டம். குழாய்த் தண்ணீர் மாதிரி. இந்தப் பக்கம் இரண்டு குவளை ஊற்றினால் அந்தப் பக்கம் இரண்டு குவளையாக வராது. ஒரே வாளியாக வரலாம், பத்துச் சொட்டாகவும் வரலாம். எத்தனை முறை அனுப்பினோம் என்ற கணக்கு எங்கும் பதிவாவதே இல்லை. ‘ஒரு முறை அனுப்பினால் ஒரு முறை படிக்கலாம்’ என்று நம்பி எழுதிய நிரல் லூப்பேக்கில் பிழைத்துப்போகும். அங்கே ஒரு பாக்கெட்டில் 65536 பைட்வரை போக லினக்ஸ் அனுமதிக்கிறது. ஈதர்நெட்டில் அது 1500. தலைப்புப் பகுதிகள் போகப் பெரும்பாலும் 1448 பைட்தான் நமக்கு மிஞ்சும். அதனால்தான் சொந்தக் கணினியில் ஓடிய நிரல் வெளியே போனதும் பாதிச் செய்தியோடு நிற்கிறது.

ஆங்கிலத்தில் சோதிக்கிறவர்களுக்கு இது தாமதமாகத்தான் தெரியும். தமிழில் சோதித்தால் சீக்கிரம் தெரியும். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். 1024-ஐ 3-ஆல் வகுத்தால் 341 போக 1 மிச்சம். ஆக, இடைவெளி இல்லாத தமிழ் உரையை 1024 பைட்டாகப் படித்தால் 342-ஆவது குறியீட்டின் முதல் பைட்டோடு துண்டு விழும். அதை உடனே எழுத்தாக்கச் சொன்னால் பைத்தான் மறுத்துவிடும். மறுப்பதும் நியாயமே, மூன்றில் ஒரு பங்கு குறியீட்டை எந்த எழுத்தென்று சொல்வது?

‘வணக்கம்’ என்று அனுப்புவோம். கண்ணுக்கு ஐந்து எழுத்து. பைத்தானிடம் நீளம் கேட்டால் 7, ஏனென்றால் இரண்டு புள்ளியும் தனிக் குறியீடு. கம்பியில் போவது 21 பைட். செய்திக்கு முன்னால் நீளத்தை எழுதி அனுப்புவது ஒரு வழக்கமான முறை. அங்கே 7 என்று எழுதி அனுப்பினால் எதிர்ப்பக்கம் ‘வண’ வரை படித்து, ‘க’வின் முதல் பைட்டை வாயில் வைத்துக்கொண்டு நிற்கும். மிச்சம் 14 பைட் அடுத்த செய்தியின் நீளமாகப் படிக்கப்பட்டு, அப்புறம் எல்லாமே தாறுமாறு. ‘ஹலோ’ என்பதை ஆங்கில எழுத்தில் சோதித்திருந்தால் மூன்று கணக்கும் 5 என்றே வந்திருக்கும், பிழை கண்ணில் பட்டிருக்காது.

செய்தி எங்கே முடிகிறது என்பதை நாமே வகுத்துக்கொள்ள வேண்டும். நீளத்தை முன்னால் எழுதலாம், ஒவ்வொரு செய்தியையும் ஒரே அளவாக்கலாம், வரி முடிவு மாதிரி ஓர் அடையாளம் வைக்கலாம், ஒரே செய்திதான் என்றால் அனுப்பிவிட்டு இணைப்பை மூடலாம். எதை எடுத்தாலும், போதுமான பைட் சேரும்வரை திரும்பத் திரும்பப் படிக்கும் ஒரு சுழற்சி வேண்டும். அதைச் சரியாக எழுதினோமா என்று பார்க்க ஒரு சுலபமான வழி: ரிசீவ் அழைப்பில் 1024 என்ற இடத்தில் 1 என்று மாற்றி ஓட்டுங்கள். ஒரு தடவைக்கு ஒரு பைட். சரியான நிரல் மெதுவாக ஓடும், ஆனால் உடையாது. உடைந்தால், அது இத்தனை நாள் அதிர்ஷ்டத்தில் ஓடியது.

இதை ஒட்டி, டிசிபியின் எளிய மாற்றான யுடிபியில் ஒரு நிரலையும் எழுதிப் பார்ப்பது நல்லது. அங்கே இரண்டு முறை அனுப்பினால் இரண்டு தனிச் செய்தி, எல்லை அழியாது. ஆனால் வாங்குபவரின் பஃபர் சின்னதாக இருந்தால் மிச்சம் குப்பைக்குப் போகும், வரிசை மாறலாம், வராமலே போகலாம். 1980 ஆகஸ்டில் வந்த யுடிபியின் வரையறை ஆவணம் மூன்றே பக்கம். டிசிபிக்கு 1981-இல் எழுதியதைத் தொகுத்துப் புதுப்பித்த ஆவணம் வர 2022 ஆகிவிட்டது.

‘முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில்’

சர்வரை நிறுத்தி உடனே மறுபடி ஓட்டினால் வரும் பிழை இது. எல்லோருக்கும் வரும். எல்லாப் பாடமும் ‘ரீயூஸ் அட்ரஸ்’ என்ற விருப்பத்தைச் சேர், போய்விடும் என்று சொல்லிக் கடந்துவிடும். போகத்தான் செய்யும். ஆனால் பிழை வந்த கணத்தில் எஸ்எஸ்ஸைக் கூப்பிட்டுப் பாருங்கள். நிரல் செத்துப்போன பிறகும் அந்த போர்ட்டில் ஓர் இணைப்பு டைம்-வெயிட் என்ற நிலையில் இருக்கும். முதலில் மூடிய பக்கம் கொஞ்ச நேரம் காத்திருந்து, வழி தவறித் தாமதமாக வரும் பாக்கெட்டுகள் அடுத்த இணைப்பில் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது டிசிபியின் விதி. லினக்ஸில் அது 60 நொடி. ஆக இது கோளாறு அல்ல, காவல். விண்டோஸில் இதே பெயருள்ள விருப்பத்துக்கு வேறு பொருள்: இன்னொரு நிரல் உங்கள் போர்ட்டைப் பறித்துக்கொள்ளவும் அது வழிவிடும். நகலெடுக்கும்போது கவனம்.

டைம்-வெயிட் நிறைய இருந்தால் பயப்பட வேண்டாம். க்ளோஸ்-வெயிட் நிறைய இருந்தால் பயப்படுங்கள். எதிர்ப்பக்கம் மூடிவிட்டது, உங்கள் நிரல் மூட மறந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

இன்னொரு விசித்திரம், நாற்பது மில்லிநொடி. தலைப்பை ஒரு தடவையும் உடலை இன்னொரு தடவையும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நிரல்கள் சில நேரம் ஒவ்வொரு கேள்விக்கும் சரியாக 40 மில்லிநொடி தாமதிக்கும். 1984-இல் ஜான் நேகல் எழுதிய யோசனைப்படி, முந்தைய பாக்கெட்டுக்கு ஒப்புகை வராமல் அடுத்த சின்னப் பாக்கெட்டை அனுப்புநர் பிடித்து வைப்பார். பெறுபவரோ, ஒப்புகையைத் தனியாக அனுப்புவானேன், பதிலோடு சேர்த்து அனுப்பலாம் என்று காத்திருப்பார். ‘நீங்க முதல்ல’, ‘இல்ல நீங்க முதல்ல’ என்று வாசலில் நிற்கும் இருவர் கதை. டிசிபிடம்பின் நேர முத்திரையில் அந்த இடைவெளி பளிச்சென்று தெரியும். தீர்வாக, அனுப்புநர் பிடித்து வைப்பதை நிறுத்தும் ‘நோடிலே’ என்ற விருப்பத்தைப் போடச் சொல்வார்கள். அதற்கு முன் இரண்டு அனுப்பலை ஒன்றாக்கிப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே போதும்.

பல கிளையன்டுகளைச் சமாளிப்பது என்ற அத்தியாயத்தை நான் வேகமாகத் தாண்டுகிறேன், ஏனென்றால் பாடங்கள் இதில்தான் அளவுக்கு மீறி மூழ்குகின்றன. இணைப்புக்கு ஒரு த்ரெட் என்று தொடங்கலாம். பல சாக்கெட்டை ஒரே நேரத்தில் கவனிக்கும் அழைப்புகளில் செலக்ட் பழையது, வழக்கமான சி நூலகத்தில் 1024-க்கு மேற்பட்ட டிஸ்கிரிப்டரைத் தாங்காது. போல் அழைப்பில் அந்த வரம்பு இல்லை. பத்தாயிரம் இணைப்பை ஒரே கணினி தாங்குமா என்று டான் கெகல் 1999-இல் கிளப்பிய விவாதத்தை ஒட்டிய ஆண்டுகளில் இதே வேலைக்கு ஃபிரீபிஎஸ்டிக்கு கேக்யூவும் லினக்ஸுக்கு ஈபோலும் வந்தன. போலை வைத்து ஒரு சின்ன அரட்டை சர்வர் எழுதிவிட்டு, பைத்தானின் அசிங்க்ஐஓ மாதிரி நூலகத்துக்குப் போகலாம். ஒரு செய்தியை ஒழுங்காகப் படிக்கத் தெரியாத சர்வர் பத்தாயிரம் பேரோடு பேசினால், பத்தாயிரம் பேரோடும் தப்பாகத்தான் பேசும்.

வலையைக் கெடுத்துப் பார்ப்பது

லூப்பேக் ஒரு பொய்யான உலகம். அதை உண்மையான உலகம் மாதிரி ஆக்க லினக்ஸிலேயே நெட்எம் என்ற வசதி இருக்கிறது, டிசி என்ற கட்டளையின் வழியாக இயக்கலாம். லூப்பேக்கில் 100 மில்லிநொடி தாமதம் போட்டால், போகவும் வரவும் சேர்ந்து 200 ஆகும், இரண்டு திசையும் அதே இடைமுகத்தைத்தான் கடக்கின்றன. பாக்கெட்டில் நூற்றுக்கு ஐந்தைத் தொலைக்கவும் சொல்லலாம். வேலை முடிந்ததும் விதியை நீக்க மறக்காதீர்கள். மறந்தால் மறுநாள் கணினியில் ஏதேதோ மெதுவாக ஓடும், காரணம் தெரியாது. இன்னும் சுத்தமாகச் செய்ய விரும்பினால் நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் (ஒரே கணினிக்குள் தனித்தனி வலை உலகம்) இரண்டை உருவாக்கி, நடுவில் ஒரு போலிக் கம்பியைக் கட்டி, அந்தக் கம்பியை மட்டும் கெடுக்கலாம்.

அப்படிக் கட்டிவிட்டால் செய்து பார்க்க வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. சர்வரையும் கிளையன்டையும் இணைத்து, இரண்டு வார்த்தை பேசவிட்டு, நூற்றுக்கு நூறு தொலைக்கும்படி கம்பியை அறுத்துவிடுங்கள். அப்புறம் கிளையன்டைக் கொல்லுங்கள். அது விடைபெறும் பாக்கெட் வழியிலேயே தொலையும். சர்வர் ரிசீவ் அழைப்பில் உட்கார்ந்திருக்கும். பிழை வராது, 0 வராது, எஸ்ட்ரேஸில் அடைப்புக்குறி திறந்தபடியே நிற்கும். கீப்அலைவ் என்ற விருப்பத்தை நீங்களே போட்டிருந்தால்கூட, லினக்ஸின் இயல்பான கணக்கில் 7200 நொடி, அதாவது இரண்டு மணி நேரம் கழித்துத்தான் ‘இருக்கிறாயா’ என்று முதல் பாக்கெட் போகும். பதில் இல்லையென்றால் 75 நொடிக்கு ஒன்றாக ஒன்பது முறை கேட்டுப் பார்த்து, மேலும் பதினொன்றே கால் நிமிடம் கழித்தே கைவிடும். போடாவிட்டால் அதுவும் இல்லை. மதியச் சாப்பாடு முடித்து வந்து எஸ்எஸ்ஸைக் கூப்பிட்டுப் பாருங்கள். அந்த இணைப்புக்கு நேரே ‘எஸ்டாப்’, அதாவது இணைப்பு நிலைத்திருக்கிறது என்று, எல்லாம் நலமே என்பது போல, இன்னமும் இருக்கும்.